நட்டுக்கடையை இடிக்க வந்தவர்

தெருவில் எல்லாருக்கும் அவர் நட்டுக்கடை அக்கா. கீழே ஆணி, நட்டு, போல்ட் விற்கும் கடை. மேலே இரண்டு மாடியிலும் சரக்கு. கடையின் முதலாளியான அவர் கணவருக்குப் பார்வை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வீட்டில் சோப்பு டப்பாவுக்குக்கூட மனைவியைக் கூப்பிடுகிறவர், கடைக்குள் காலை வைத்துவிட்டால் ராஜா. யார் கையையும் பிடிக்காமல் மேல் மாடிவரை ஏறி, கேட்ட திருகாணியை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார்.

தூண்களில் விரிசல் விட்டு, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தது. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்தார். “ஒட்டுப்போட்டா நிக்காதுங்க. இடிச்சுதான் ஆகணும்.”

அக்கா தலையாட்டினார். ஆனால் இடிக்க ஆள் பார்ப்பதை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். கட்டடம் போவதுகூடப் பெரிதில்லை. இந்த மனுஷன் தனியாக நடக்கிற ஒரே இடம் போகப்போகிறதே என்பதுதான் கவலை. பிறகு ஒரு மழை நாளில், மாடிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து கணவரின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அன்றே அக்கா எதிரில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, கான்டிராக்டர்களுக்குப் போன் செய்தார்.

முதலில் வந்தவர் தன் காரிலிருந்தே இறங்கவில்லை. “மெஷினை விட்டா ஒரே நாள்ல மண்ணாக்கிடலாம்.”

“பக்கத்துல பல் ஆஸ்பத்திரி. சுவரு ஒட்டி நிக்குதே?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னு சொன்னவங்களையெல்லாம் நான் நல்லா பாத்துட்டேன் தம்பி. போயிட்டு வாங்க.”

அடுத்து வந்தவர் பருத்த உடம்புக்காரர். மூச்சு வாங்க எல்லா மாடியும் ஏறினார். ஆஸ்பத்திரிக்குள் போய் அந்தப் பக்கத்துச் சுவரையும் பார்த்தார். திரும்பி வந்து, “மெஷின் வேண்டாம்க்கா. மேலேருந்து கையாலயே இறக்கிட்டு வரணும்,” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “அண்ணே, இடிக்கிறதுல வர்ற கதவு, ஜன்னல், கம்பியெல்லாம் வழக்கமா எங்களுக்குத்தான். உங்களுக்கு எதாவது எடுத்து வைக்கட்டுமா?”

“எதைன்னு எடுத்து வைப்பீங்க? எனக்கு இந்த இடமேல்ல வேணும்.”

அக்கா திடுக்கிட்டார். “என்னங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

“நீயே கலங்கிப்போய் இருக்கே. நான் வேற சொல்லணுமா?”

கான்டிராக்டர் சுவரோரமாக நின்ற அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். “எதிர்ல வாடகைக்கு எடுத்திருக்கீங்களே, அந்தக் கடையில இந்த அலமாரியெல்லாம் வரிசை மாறாம மாட்டித் தர்றேன். அண்ணன் அங்க பழகட்டும். அப்புறம் ஆரம்பிக்கிறேன்.”

“அது உங்க வேலை இல்லையே?”

“இல்லதான். அதுக்காக அண்ணனை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டு நான் சம்மட்டிய எடுக்க முடியுமா?”

அக்கா அவரையே அமர்த்தினார்.

சொன்னபடியே அலமாரிகளை மாட்டிக் கொடுத்து, சில நாள் விட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இறக்கினார்கள். எதிர்க்கடை வாசலில் கணவனும் மனைவியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் “இப்ப எது?” என்பார். அக்கா சொல்வார். படிக்கட்டு விழுந்தபோது மட்டும் அவர் கேட்கவில்லை. மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார்.

“அழணும்னா அழுங்க. யாரும் பாக்கலை.”

“நீ பாக்கறியே.”

“நான் எங்க பாக்கறேன்? எனக்கும்தான் கண்ணு மறைக்குது.”

அலமாரி வரிசை அதேதான் என்றாலும் எதிர்க்கடை குறுகலானது; சில நாள் பழகியது போதவில்லை. முட்டிக்கொண்டார், தடுமாறினார், ஒருமுறை ஆணிப் பெட்டியைக் கொட்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டார். ஒரு நாள் தச்சர் ஒருவர் கதவுக் கீல் கேட்டு வந்தார். அக்கா எழுந்தார்.

“நீ உக்காரு.”

உள்ளே போனவர் தவறான அளவைக் கொண்டுவந்தார். தச்சர் சங்கடத்தோடு சொன்னதும் கணவர் சிரித்துக்கொண்டே மறுபடி உள்ளே போனார். அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தபடி எழாமல் இருந்தார். இரண்டாம் முறை சரியான கீல் வந்தது.

அடுத்த வாரம் அக்கா தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். போய் வருஷக்கணக்காகியிருந்தது. வாசலில் தயங்கி நின்றவரை உள்ளேயிருந்து ஒரு குரல் விரட்டியது:

“இன்னும் என்ன நிக்கறே? பஸ்ஸு போயிடும். கடைக்குத்தான் நான் இருக்கேன்ல?”