கடம்பா மையில் ஒரு கைநாட்டு

திருவொற்றியூர் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில், கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, நானும் போய் மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுப் பக்கம் ஆள் வந்து விசாரிப்பார், நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் வேலை என்றார்கள். அந்த வருஷத்து மழையில்தான் எங்கள் கட்டுமரம் உடைந்திருந்தது. இந்த வேலையும் போனால் காலம் முழுக்க அடுத்தவர் மரத்தில் கூலிதான்.

விசாரிக்க வருகிறவர் காரில் வருவார், கூடவே டவாலி போட்ட சேவகன் வருவான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவரோ நடந்து வந்தார். கால்சட்டை, பூட்ஸ், பூட்ஸுக்குள் அரைப்படி மண். மதுவிலக்கு வந்த காலம் அது. எங்கள் குப்பத்தில் கால்சட்டைக்காரர் யார் பெயரைக் கேட்டாலும் மஃப்டி போலீஸ்தான். சாராயத்தைத் தொடாதவன்கூட ஒரே பதிலைத்தான் சொல்வான். கல்மண்டபத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்த அந்த மனுஷன், கரையில் வலை உதறிக்கொண்டிருந்த என்னிடமே என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“அப்டி யாரும் இங்க கெடயாது சார்,” என்றேன், மூச்சு விடாமல்.

அவர் பையிலிருந்து மனுவை எடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார்.

“ஆள் இல்லைன்னு எழுதிட வேண்டியதுதான். கம்பெனியில வேலை தயாரா இருக்கு. பாவம்.”

நான் வலையைக் கீழே போட்டேன். “சார், சார், எழுதாத சார்! நான்தான் சார் அது!”

“இப்பதானே இல்லைன்னே? வேலைன்னதும் நீ அவனாயிட்டியா?”

அவர் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்து கூடையை இறக்கியிருந்த மீன்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “அட கயிதே, உன்னியே நீ இல்லன்னுட்டியா? சார், இவன்தான் சார் அது, சத்தியமா!”

“நீயும்தானேம்மா தெருமுனையில அப்படி ஆளே இல்லைன்னே?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி குப்பமே திரண்டு வந்து சொன்னாலும் நம்புவாரா? அப்போதுதான் என் இடது கட்டைவிரல் கண்ணில் பட்டது. அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு தடவை வஞ்சிரம் மாட்டி, ஆளையே இழுத்துக்கொண்டு போனது. தூண்டில் கயிறு விரலைக் குறுக்கே அறுத்துவிட்டது. ரத்தம் ஊற்றுகிறது, மீனை விட்டேனா? விடவில்லை. ஆறு பேர் தின்றோம் அதை. சரி, அது போகட்டும். தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

“சார், அந்தக் கைநாட்டுல குறுக்கால ஒரு கோடு கீதா பாரு சார்!”

அவர் காகிதத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இருக்கு. ஆனா ஒத்துப் பார்க்க மைக்கு எங்க போறது?”

மீன்காரம்மா கூடைக்குள் கையை விட்டு ஒரு கடம்பாவை, அதுதான் கணவாய் மீனை, எடுத்தாள். அதன் மைப்பையைப் பிதுக்கி என் விரலில் கரேலென்று வழியவிட்டாள். “வையி நைனா, நல்லா அயுத்தி வையி!”

வைத்தேன். பழைய கைநாட்டுக்குப் பக்கத்தில் புதியது. இரண்டிலும் அதே வெள்ளைக் கோடு! கூடியிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். நான் மணலில் குதித்தேன்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆள் சரி. குணம் எப்படிம்மா?”

“தங்கம் சார்! பொய் சொல்லவே தெரியாது. இன்னிக்கு ஒண்ணு சொன்னான், அதியும் அவன் தலையிலயே போட்டுகினான்.”

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். குமாஸ்தா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் என் மனுவைத் தூக்கினார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“நீதானா அது?”

“நான்தான் சார்! நானேதான்!” என்று கிடங்கு அதிரக் கத்தினேன்.