ஃபேமிலி அடுத்த மாசம் வரும்

வீட்டு புரோக்கர் வேலைன்னா வீட்டைக் காட்டுற வேலைன்னு நினைச்சிடாதீங்க. வீடு பாட்டுக்கு அங்கயேதான் நிக்குது, ஓனருக்கு ஆளைக் காட்டுறதுதான் வேலை.

எம் பேரு செல்வின். ஊரு மார்த்தாண்டம் பக்கம். எஞ்சினியரிங் ரெண்டாவது வருஷத்துல நானும் காலேஜும் ஒருத்தருக்கொருத்தர் சரிப்பட மாட்டோம்னு முடிவு பண்ணிப் பிரிஞ்சிட்டோம். அன்னையிலருந்து எங்கம்மா என்கூட பேச்சை நிறுத்திட்டாங்க. நான் திருவனந்தபுரம் வந்து ஜூஸ் கடை, மொபைல் கடைன்னு சுத்திட்டு, பைக்ல சாப்பாடு கொண்டு குடுக்கிற வேலைக்குப் போனேன். அதுல ஒரு பிரயோஜனம். எந்த வீட்ல ஆள் இருக்கு, எந்த கேட்ல பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குதுன்னு எனக்குத் தெரியாத சந்து நேமத்துலயும் இல்ல, பாப்பனம்கோட்டுலயும் இல்ல. சிட்டிக்குள்ள வாடகை கேட்டு மயங்கி விழுந்தவங்க எல்லாம் எழுந்து இந்தப் பக்கம்தான் வருவாங்க. அவங்களுக்கு நான் ஆளானேன்.

வாடகை வீடு தேடிச் செருப்பு தேஞ்ச மக்களே, நீங்க பட்டதைத்தான் சொல்லப் போறேன். ஆனா கூடவே ஒண்ணு. ஊருக்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுத்த எனக்கே போன வருஷம் இருக்கிற ரூம் போகப் பார்த்துச்சு. ரூம் போனாக்கூடப் பரவாயில்ல, புரோக்கரே பொய்க்காரன்னு ஓனர்மார் மத்தியில பேச்சாயிட்டா, அப்புறம் எனக்கு இந்த ஊர்ல பிழைப்பே கிடையாது.

நாலு பேரு

எந்த ஓனரும் முதல்ல கேக்கிறது, "எத்தனை பேரு?" இதுக்கு நாலுக்கு மேல பதில் சொன்னா கேட் திறக்காது. தென்காசிக்காரர் ஒருத்தர், டைல்ஸ் ஒட்டுற மேஸ்திரி, வீடு கேட்டு வந்தாரு. நாலே பேருதான்னு அடிச்சுச் சொன்னாரு. நானும் பாப்பனம்கோட்டுல ஒரு கீழ்வீட்டை முடிச்சுக் குடுத்தேன்.

குடி வர்ற அன்னைக்கு டெம்போ வந்து நின்னுது. இறங்க இறங்க ஆள் வருது. மேஸ்திரி, சம்சாரம், பிள்ளைங்க, மச்சினன், மச்சினன் சம்சாரம், அவங்க கையில ஒரு குழந்தை, கடைசியா ஒரு ஆட்டுக்குட்டி. ஓனர் சார் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன். ரெண்டு மாசம் கழிச்சும் அதே கூட்டம் அங்கயேதான் இருந்துச்சு, ஆடு மட்டும் வளர்ந்திருந்துச்சு. போய்க் கேட்டதுக்கு மேஸ்திரி கொஞ்சம்கூட அசரல.

"தம்பி, நாங்க நாலு பேருதான். மத்தவங்க எங்களைப் பார்த்துட்டுப் போக வந்தவங்க. இன்னும் பார்த்து முடியல."

பிரியாணி மாஸ்டர்

கரமனையில அக்ரஹாரத்துல ஒரு மாமி வீட்டுல பின்கட்டு காலியா கிடந்துச்சு. ரெண்டு ரூம், தனி வாசல், சுத்தமான வீடு. ஒரே கண்டிஷன், மீன் முட்டை வாசனை அண்டக்கூடாது. என் கையில அப்போ இருந்த ஒரே பார்ட்டி ஒரு பிரியாணிக் கடை மாஸ்டர். திருநெல்வேலிக்காரர், புதுசா கல்யாணம் ஆனவர்.

"அண்ணே, இது நடக்காது, வாங்க போவோம்"ன்னேன். அவர் கேக்கல. மாமி முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னு உள்ளதைச் சொன்னாரு. "அம்மா, நாளு பூரா அண்டா அண்டாவா கறி கிண்டுறேன். எனக்கு அந்த வாசனையே ஆகாது. வீட்டுக்கு வந்தா ரசமும் அப்பளமும்தான். சத்தியமா அதுக்காகத்தான் கல்யாணமே பண்ணினேன்." பக்கத்துல நின்ன அந்தப் புதுப் பொண்டாட்டி அப்போதான் இதைக் கேள்விப்படுற மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்துச்சு.

மாமி மூக்கை லேசா உறிஞ்சிப் பார்த்தாங்க. ரெண்டு அடி கிட்ட வந்தாங்க, உடனே மூணு அடி பின்னால போனாங்க. அப்புறம் மாஸ்டர்கிட்ட பேசாம என்கிட்ட சொன்னாங்க:

"மனுஷன் நல்லவனாத்தான் தெரியறான். குடி வரட்டும். சட்டையை மட்டும் கொல்லையில கழட்டிப் போட்டுட்டு உள்ள வரச் சொல்லு."

கிணறு

இந்த ஊர்ல வீடு பார்க்க வர்றவங்க ஹாலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கிணத்தை எட்டிப் பார்ப்பாங்க. அதனால நான் வெள்ளாயணிப் பக்கத்து வீடுங்களை மழைக்காலத்துல மட்டும்தான் காட்டுவேன். கையை விட்டு மோந்துக்கலாம் போலத் தண்ணி நிக்கும். தவளை வேற மேல உக்காந்து விளம்பரம் பண்ணும்.

அப்படி ஜூலையில ஒரு ரயில்வே கேன்டீன்காரர் குடும்பத்தைக் குடி வச்சேன். மார்ச்ல அவர் சம்சாரம் போன் பண்ணாங்க. சத்தம் போடுவாங்கன்னு போனைக் காதுலருந்து தள்ளிப் பிடிச்சேன். சத்தமே இல்ல. அவ்வளவு மரியாதையா ஒரு கேள்வி கேட்டாங்க.

"தம்பி, கிணறு காட்டினீங்க, ரொம்ப நன்றி. தண்ணியை எந்த வீட்ல வந்து பார்க்கணும்?"

நைட்டி

இப்போ நம்ம விஷயத்துக்கு வரேன். கல்யாணம் ஆகாத பயலுக்கு வீடு கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஓட்டல் பசங்க, துணிக்கடைப் பசங்க எல்லாம் எங்க போவாங்க? அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். ஓனர் கேட்டா ஒரே பதில்தான்: "ஃபேமிலி அடுத்த மாசம் வரும்." அடுத்த மாசம் கேட்டாலும் அதே பதில். சும்மா சொன்னா நம்பணும்ல? சாலைக் கடைத்தெருவுல போய் ஒரு நைட்டி வாங்கினேன். பச்சை கலர், தட்டு தட்டா சூரியகாந்திப் பூ. இருக்கிறதுலயே பெரிய சைஸா எடுத்தேன், ரோட்டுலருந்து பார்த்தாலே குடும்பம் தெரியணும்ல. ஓனர் வர்ற அன்னைக்கு அதை நனைச்சுக் கொடியில போட்டுடணும். "வைஃப் ஊர்லருந்து வந்துட்டுப் போனா சார், காலையிலதான் பஸ் ஏத்தி விட்டேன்." முடிஞ்சுது. நைட்டி ஒண்ணு, ரூம் பல. பசங்க போன் பண்ணினா பைக்ல கொண்டு போய்க் குடுத்து வாங்கிட்டு வருவேன். சாப்பாடு டெலிவரி பண்ணின பழக்கம்.

என் ரூமும் அதே கதைதான். நேமத்துல சுமதி டீச்சர் வீட்டு மாடி. டீச்சர் ரிட்டயர் ஆனவங்க, மகன் துபாயில, கீழே தனியா இருக்காங்க. பாதி மலையாளம், பாதி என் மேல இரக்கப்பட்டுத் தமிழ். மாடியைக் குடுக்கும்போதே சொல்லிட்டாங்க, "மோனே, எனக்கு வாடகை அல்ல காரியம். மேலே ஒரு ஸ்திரீ வேணும். மிண்டாட்டம் இல்லாத்த வீட்ல எனக்கு மதியாயி." பேச்சுத் துணைக்கு ஒரு பொம்பளை வேணுமாம். அம்மா அடுத்த மாசம் வந்துடுவாங்கன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. அம்மாவுக்கு மாங்கா ஊறுகா பிடிக்குமான்னு கேட்டு ஒரு பரணி, அதான் பெரிய ஜாடி, நிறையப் போட்டு வச்சாங்க. நானும் அவங்க வெளியே போயிருந்த நேரம் அம்மா வந்துட்டுப் போனாங்கன்னு சொல்லி, என் கொடியில சூரியகாந்தியை அப்பப்போ பூக்க வச்சேன்.

பாப்பனம்கோட்டுல துணிக்கடைப் பசங்க மூணு பேரை ஒரு மாடியில விட்டிருந்தேன். அந்த ஓனர், டீச்சரோட கூடப்பிறந்த தம்பி. எனக்கு அது தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை டீச்சர் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்காங்க. அண்ணாந்து பார்த்தா, கொடியில எங்கம்மா நைட்டி.

சாயங்காலம் நான் படி ஏறும்போது டீச்சர் வழி மறிச்சாங்க. கோபமே இல்ல, அதுதான் பயமா இருந்துச்சு. ஓணத்துக்கு முன்னாடி ஒண்ணு அம்மாவைக் காட்டணும், இல்ல சாவியைத் தந்துட்டுப் போகணும், தம்பிகிட்ட இன்னும் சொல்லல, சொல்லவும் செய்வேன்னு சொல்லிட்டுத் திரும்பினவங்க, நின்னு கேட்டாங்க:

"மோனே, நைட்டி எல்லா வீட்டுக்கும் வருது. அதுக்குள்ள இருக்க வேண்டிய ஆளு எப்போ வரும்?"

எனக்கு ஒரு ரூம்

அம்மாவைக் கூப்பிடுறதைவிட வேற ரூம் பார்க்கிறது சுலபம்னு கிளம்பினேன். எத்தனை வீடு முடிச்சுக் குடுத்திருக்கேன், எனக்கு ஒண்ணு கிடைக்காதா? முதல் கேட்ல, "எத்தனை பேரு?" ஒருத்தன்தான்னு சொன்னதும் அந்த ஓனர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. ஒன்பது பேரோட போயிருந்தாக்கூட உள்ள விட்டிருப்பாரு. இன்னொருத்தர் கேட்டைத் திறக்காமலே நலம் விசாரிச்சு அனுப்பினாரு.

கடைசியா பாஸ்கரன் சேட்டன் வீட்டுக்குப் போனேன். என் பழைய ஓனர், அவர் வீட்டுக்கு மூணு தடவை ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கேன். டீ எல்லாம் குடுத்தாரு. தோள்ல கை போட்டாரு. ரூம் மட்டும் இல்லைன்னாரு. காலி ரூமோட ஜன்னல் நாங்க உக்காந்திருந்த இடத்துலருந்தே தெரியுது. "என்ன சேட்டா இது, என்னைத் தெரியாதா?"ன்னு கேட்டேன்.

"தெரியும்டா. நீ நல்ல பையன். ஆனா தனிப் பயலுங்களுக்கு வீடு குடுக்காதீங்க, நாசம் பண்ணிடுவாங்கன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீயாக்கும்."

ஃபேமிலி வந்துச்சு

வேற வழியில்ல. ஒரு மணி நேரம் போனைக் கையில வச்சுக்கிட்டு மொட்டை மாடியில நடந்தேன். அம்மா எடுத்தாங்க. ஹலோ இல்ல, ஒண்ணும் இல்ல, மூச்சு மட்டும் கேக்குது. "அம்மா, ரூம் போயிடும்போல இருக்கு. நீங்க ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போனா போதும்"ன்னேன். "நான் என்ன காட்சிப் பொருளாலே?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க. ஆனா பாருங்க, இத்தனை நாள்ல அம்மா என்கிட்ட பேசின முதல் வார்த்தை அது. திட்டுன்னாலும் கணக்குல வரும்.

ரெண்டு நாள் கழிச்சு 'சனிக்கிழமை வாறேன்'னு ஒரு வரி மெசேஜ் மட்டும் வந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் நேமம் பஸ் ஸ்டாப்புல கையில ஒரு பையோட அம்மா நிக்கிறாங்க. வழி நெடுக என் கூட பேசல. வீட்டு கேட்டுக்குள்ள கால் வச்சதும் முதல்ல கிணத்தை எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் மாடியை அண்ணாந்து பார்த்தாங்க. பார்த்தவங்க அப்படியே நின்னுட்டாங்க.

நான் செஞ்ச மடத்தனம் அப்போதான் உறைச்சுது. காலையில பழக்க தோஷத்துல, ஃபேமிலி வருதேன்னு நைட்டியை நனைச்சுக் கொடியில போட்டுட்டு வந்திருக்கேன்.

"எலேய், அது ஆருக்க துணி?" அம்மா கொடியைக் கை காட்டிக் கேட்டாங்க. "படிப்பை விட்டே, பொறுத்தேன். இங்க ஒருத்தியக் கொண்டு வச்சிட்டுத்தான் என்னைய விளிச்சியா?" "அது வந்தும்மா, அது வந்து..."ன்னு இழுத்தேன். ஊர்ல இருக்கிற அத்தனை ஓனருக்கும் பதில் சொன்ன வாய் இது. அம்மா பையை இறக்கக்கூட இல்ல, திரும்பி கேட்டைப் பார்த்து நடக்கிறாங்க.

அப்போ வராந்தாவுல டீச்சர் நின்னுக்கிட்டிருந்தாங்க. எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. என்னைத் தொலைக்கணும்னா சும்மா நின்னா போதும். டீச்சர் வாழ்க்கையில சொன்ன முதல் பொய்யா இருக்கும், சொல்லவே தெரியல. "அது... அது என்டேயா"ன்னாங்க. என்னோடதுன்னு அர்த்தம்.

அம்மா நின்னு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாங்க. டீச்சர் குடைக்கம்பி மாதிரி இருப்பாங்க. நைட்டியைப் பார்த்தாங்க. மறுபடி டீச்சரைப் பார்த்தாங்க. "டீச்சரம்மா, இதுக்குள்ள உங்களைப் போல மூணு பேரு நிக்கலாம்"ன்னாங்க. டீச்சருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பார்த்து முடியல. சிரிச்சுக்கிட்டே பாதி மலையாளத்துல, தம்பி வீட்டுக் கொடியிலருந்து எல்லாக் கதையையும் அவங்களே சொல்லிட்டாங்க. அம்மா முகம் கல்லு மாதிரி இருந்துச்சு. அப்புறம் வாய் ஓரம் லேசா கோணிச்சு. அப்புறம் படியிலயே உக்காந்துட்டாங்க, சிரிச்சுச் சிரிச்சு முந்தானையால கண்ணைத் துடைக்கிறாங்க. "இவனாக்கும் எஞ்சினியர் ஆவான்னு நான் நினைச்சது"ன்னு டீச்சர்கிட்ட சொல்றாங்க. ஊறுகா பரணி வெளியே வந்துச்சு. என்னை யாரும் கூப்பிடல.

மறுநாள் காலையில கீழே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா அந்த நைட்டியைப் போட்டுக்கிட்டு, தோள்ல ஒரு துண்டையும் போட்டுக்கிட்டு, டீச்சரோட உக்காந்து பலாக்கொட்டை உரிக்கிறாங்க. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. கடையில நான் சைஸ் எடுக்கும்போது யாரை மனசுல வச்சிருந்தேன்னு எனக்கே அப்போதான் தெரிஞ்சுது. டீச்சர் என்னை அண்ணாந்து பார்த்து, "மோனே, சாவி உன்கிட்டயே இருக்கட்டும்"ன்னாங்க.

திங்கக்கிழமை அம்மாவை பஸ் ஏத்தி விட்டேன். பையில நைட்டி இருக்கு. நாளைக்கு நைட்டி வேணும்னு துணிக்கடைப் பசங்க வேற போன் பண்ணிட்டாங்க, "அம்மா, அது தொழிலுக்கு வேணும்மா"ன்னு கெஞ்சினேன். பஸ் நகர ஆரம்பிச்சப்புறம்தான் ஜன்னல் வழியா, சின்ன வயசுல என்னைக் கூப்பிட்ட அதே 'மக்களே'வோட பதில் சொன்னாங்க:

"துணியத் தர மாட்டேன் மக்களே. ஆளு வேணும்னா விளி, நானே உடுத்திட்டு வாறேன்."

வீட்டுக்கு ஆள் பிடிக்கிற தொழில்ல நான் இதுவரைக்கும் பிடிச்ச ஒரே உருப்படியான ஆள் எங்கம்மாதான், அதுக்கு மட்டும் இன்னைவரைக்கும் யாரும் கமிஷன் தரல.