சுவருக்குள் போகாத வயர்

கோலப்பன் துணியைக் கண்ணால் பார்க்க மாட்டான். விரலால்தான் பார்ப்பான். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு ஜவுளிக்கடை. அதில் வேட்டியும் தோளில் போடுகிற நேரியதும் விற்கிற வேலை. என் பாத்திரக்கடையும் அதே வரிசைதான். வாங்க வருகிறவர்கள் கரையைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். இவன் துணியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்ப்பான். "இதை எடுங்க. நாலு மழை பார்க்கும்" என்பான். சொன்னது தப்பியதில்லை.

விரலுக்குக் கனமாகப் பட்டால் உசத்தி. இவ்வளவுதான் அவன் படித்த படிப்பு. நானும் அதற்கு மேல் படிக்கவில்லை, அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அந்த விரலை வைத்தே வாங்கினால் என்ன ஆகும்? கனமாக இருக்கிறதென்று முற்றிப்போன வெண்டைக்காயை வாங்கிப்போய் முத்தாரம்மாளிடம் ஏச்சு வாங்குவான். முத்தாரம்மாள் அவன் சம்சாரம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்து கடையிலேயே படுத்து வளர்ந்தவன். நாயனம் என்றால் உயிர். எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் தவில்காரர் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். வீட்டில் மட்டும் ஒரு பாட்டுப்பெட்டி கிடையாது.

எண்பத்தி மூணில் அந்தக் குறையும் தீர்ந்தது. முத்தாரம்மாளின் தம்பி மஸ்கட்டிலிருந்து வந்தபோது ஒரு ஸ்டீரியோ செட்டை அக்காளுக்கென்று கொண்டுவந்தான். கேசட் போடுகிற பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. ஸ்பீக்கருக்கு உண்டான வயரை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருந்தான்.

கோலப்பன் பல்பு தொங்கவிடுகிற வெள்ளை வயரை வாங்கி மாட்டினான். இரண்டு இழையும் ஒரே வெள்ளை. நாயனக் கேசட்டைப் போட்டால், தவில் ஈரச்சாக்கில் அடித்த மாதிரி கேட்டது. நாயனம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. அவன் வயரை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"நூல் மாதிரி இருக்கு, அண்ணாச்சி. இதுக்குள்ள தவில் எப்படிப் போகும்?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்தது, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்புக்குப் போடுகிற வயரை வாங்கிவந்தான். கறுப்பாய், விரல் தண்டிக்குத் தடிமன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பெட்டியின் பின்னால் இருக்கும் சிவப்பு, கறுப்பு ஓட்டைகளுக்குள் அந்தச் செம்பு நுழையவில்லை. பாதியைச் சீவி எறிந்துவிட்டுத்தான் நுழைத்தான். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில். தவில் வந்துவிட்டது. நாயனம் நடுவீட்டில் உட்கார்ந்து வாசித்தது. மறுநாள் கடை திறக்கும் முன்னால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயர் வாசற்படிக்குக் குறுக்கே கிடந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் தடுக்கினான். ஒருநாள் முத்தாரம்மாள் கஞ்சியில் முக்கிய வேட்டி வாளியோடு தடுக்கினாள். வாளி ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம்.

"சாரமில்ல, அது போகட்டும். செவரை வெட்டி உள்ளே போட்டுரலாம்" என்றான் கோலப்பன்.

எந்தச் சுவர்? இரண்டு மழைக்காலம் ஒழுகி, வீட்டுக்காரரிடம் நடையாய் நடந்து முத்தாரம்மாள் பூசவைத்த சுவர். ஓணத்துக்குத்தான் இளநீலம் அடித்திருந்தாள். கொத்தன் இசக்கியிடம் கோலப்பன் சொல்லியும் வைத்துவிட்டான். திங்கட்கிழமை காலையில் உளியோடு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கரமனையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் விட்டாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் சாட்சி. இவங்க செவரைப் பாத்துத் திரும்பி உக்காரட்டும். நான் வயரை மாத்தி மாத்திக் குத்துதேன். எது தடிச்சது, எது மெல்லிசுன்னு சொல்லட்டும். சரியாச் சொன்னா செவரை வெட்டட்டும். இல்லேன்னா உளியை நான் வாங்கி வச்சுக்கிடுவேன்."

"செய்யேன். பயமா எனக்கு?" என்றான் கோலப்பன். நீலச் சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

பழைய வெள்ளை வயரையும் ஸ்பீக்கர் இரண்டிலும் சேர்த்து மாட்டி நீட்டிவைத்திருந்தோம். பெட்டிப் பக்கத்து நுனியை மட்டும் மாற்றினால் போதும். முத்தாரம்மாள் பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு வயரைக் குத்தினாள். நாயனம் எழும்பியது.

கோலப்பன் தொடையில் தாளம் போட்டான். "தடிச்சது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும்."

வெள்ளை வயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. முத்தாரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்போடு சிரிப்பாக வெள்ளையைப் பிடுங்கிவிட்டுப் பம்பு வயரைக் குத்தினாள். மறுபடியும் பாட்டு.

கோலப்பன் கை தாளத்தை விட்டது.

"நிறுத்து, நிறுத்து. இதான் மெல்லிசு. தவிலைக் காணோம், பாத்தியா? ஆத்துக்கு அக்கரையிலே அடிக்கான். இப்போ என்ன சொல்லுதே?"

"திரும்பிப் பாருங்க" என்றாள்.

திரும்பினான். பெட்டியில் கிடந்தது விரல் தண்டி வயர். முகம் விழுந்துபோய்விட்டது. பிறகு தலையை ஆட்டினான்.

"இல்ல அண்ணாச்சி. என் காது பொய் சொல்லாது. தவில் போனது போனதுதான். நீங்களே கேளுங்க."

கேட்டேன். மெய்தான். ஈரச்சாக்குதான். பாட்டு தெரியாத எனக்கே தெரிந்தது.

அவன் பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டான். வலது ஸ்பீக்கர் வயர் சரி. இடது ஸ்பீக்கர் வயரில் சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இடத்தில் சிவப்பு. சிரித்துக்கொண்டே குத்தியதில் முத்தாரம்மாள் மாற்றிக் குத்திவிட்டாள். அவன் அதை எடுத்து நேராக்கினான். தவில் வந்தது. மாற்றினான், போனது. வெள்ளை வயரை எடுத்தான். அதிலும் ஒரு பக்கத்தை மாற்றிக் குத்தினால் தவில் போனது, நேராக்கினால் வந்தது. வயர் எதுவானாலும் அதே கதை. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரண்டு மாடும் ஒரே திசையில் நடந்தால்தானே வண்டி ஓடும்.

கோலப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ மொத நாளு... ரெண்டும் வெள்ளைன்னு எதை எதுலயோ சொருகிட்டேன் போலிருக்கே. இன்னைக்கு அது தானா நேரா விழுந்திருக்கு."

"பின்னே?" என்றாள் முத்தாரம்மாள். "வயரு மேலே பழியைப் போட்டுச் செவரை இடிக்கப் பாத்திய."

"அப்போ தேங்காய்?"

"அது வீணாகல்ல. பிள்ளையாரு செவரைக் காப்பாத்திட்டாருல்லா. மதி, போதும், எந்திரிங்க. அண்ணாச்சிக்குக் காப்பி போடுதேன்."

நான் எழுந்து அதே பம்பு வயரில் தடுக்கினேன். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றைக்கே வெள்ளை வயர் திரும்ப ஏறியது. ஜவுளிக்கடைக்காரன் அல்லவா, ஒவ்வொரு வயரிலும் ஒரு இழையின் நுனியில் சிவப்பு நூலைச் சுற்றி அடையாளம் வைத்தான். மெல்லிய வயரானதால் கதவு நிலையை ஒட்டி ஆணி அடித்து மேலே கொண்டுபோக முடிந்தது. இசக்கி திங்கட்கிழமை உளியோடு வந்தான். காப்பி குடித்துவிட்டு, நாயனம் கேட்டுவிட்டுப் போனான்.

பம்பு வயர் இப்போது கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே கொடியாகக் கிடக்கிறது. கஞ்சி முக்கிய வேட்டி எத்தனை போட்டாலும் தொய்வதில்லை. போனால் கோலப்பன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்ப்பான்.

"சாமானம் முதல்தரம், அண்ணாச்சி. நான் அன்னைக்கே சொல்லல்லியா?"