கீழ்வீட்டுக்குக் கேட்ட ஐம்பது வாட்ஸ்

சாந்தோம் ஃபிளாட்டில் ஹெவி மெட்டல் வாசிக்க, கிட்டாருக்கு டியூப் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனேன். "வீட்டுக்கு அஞ்சு வாட்ஸே அதிகம் சார்" என்றார் கடைக்காரர். பிடிவாதமாக ஐம்பது வாட்ஸ் வாங்கினேன். சத்தத்தை ஏற்றினால்தான் அதில் ஹெவி மெட்டலுக்கு வேண்டிய கரகரப்பு வரும். ஞாயிறுதோறும் தரை அதிர ஏற்றினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. தொந்தரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் படுக்கையில் கிடந்ததே எனக்குத் தெரியாது. அடக்கம் முடிந்ததும் அவர் கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மேல வந்து சொல்லலாம்னு கிளம்புவேன் தம்பி. 'ஆசையா வாங்கியிருக்கான், விடுங்க'ன்னு அவதான் தடுப்பா. இனிமே நீங்க தாராளமா வாசிங்க" என்றார்.

ஐம்பது வாட்ஸை விற்றுவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டும் சின்ன ஆம்ப் வாங்கினேன். "சத்தமே காணோமே தம்பி?" என்று மாடிப்படியில் அவர் கேட்கும்போதெல்லாம், "ரிப்பேர்ல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுகிறேன்.