அலமாரிக் கதவில் இருந்த பேர்கள்

வந்தவளுக்காக அலமாரியைத் திறந்ததும் எழுந்த சுக்கு வாசனை என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோனது. யுத்தத்துக்குத் தப்பி, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டில் தங்கிய போலந்துக் குடும்பத்தின் அலமாரி இது. கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதியிருந்த முப்பாட்டன்மார் பேர்களை, தெருவெல்லாம் இஞ்சி உலரும் மத்தியானங்களில், என் சிநேகிதி ஆன்யா ஒவ்வொன்றாகத் தொட்டு வாசிப்பாள். அமெரிக்காவில் சோளம் பயிரிடக் கிளம்பியபோது அலமாரியை எங்களிடம் விட்டுப் போனார்கள். என்னை விட்டுப் போன கோபத்தில், சாம்பலும் தேங்காய் நாருமாக அத்தனை பேர்களையும் தேய்த்து அழித்தேன்.

வந்திருப்பவள் ஆன்யாவின் பேத்தி.

"மாமி, இவ முன்னோர் பேரெல்லாம் இதுல எழுதியிருக்காமே?" என்று கேட்டார் அழைத்துவந்த ஆட்டோக்காரர்.

"அதெல்லாம் கரையான் தின்னுடுத்து, மோளே" என்றேன், மகளைக் கூப்பிடுவதுபோல் அந்தப் பெண்ணைப் பார்த்து.

ஓட்டை ஒன்றுகூட இல்லாத தேக்குப் பலகையை அவள் தடவிக்கொண்டே இருந்தாள்.