ஆறாவது சக்கரம்

என் இட்லிப் பானையில் மரம் வெந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாவு ஊற்றப் போனால், பானைக்குள் இட்லித் தட்டைக் காணோம். மெல்லிய மரப்பட்டைகள் ஆவியில் வெந்துகொண்டிருக்கின்றன. சூட்டோடு எடுத்து வளைத்தால்தான் முறியாமல் வளையுமாம், தண்டவாளத்துக்கு. "ஒரு நாள் இட்லி இல்லன்னா இன்னா இப்போ?" என்றார் என் வீட்டுக்காரர். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தானே ஆக வேண்டும்? உப்புமா கிண்டினேன்.

ஆபீசில் கோப்புகளோடு மாரடித்து ஓய்வு பெற்ற மனிதருக்கு மரத்தில் ரயில் செய்யும் கிறுக்கு எங்கிருந்து பிடித்ததோ, தெரியாது. பக்கத்துத் தெருவில் ஜன்னல், கதவு செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே மிச்சம் விழும் தேக்குத் துண்டுகளையெல்லாம் பையில் அள்ளி வந்துவிடுவார். எங்கள் சாப்பாட்டு மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டு ஒரு மலை எழுந்தது. எந்த மலை என்று அண்ணாமலையார் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அதைச் சுற்றித் தண்டவாளம், மேலே பெட்டிகள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "என் மேசைய எப்போ குடுப்பீங்க?" என்று தினமும் கேட்பேன்.

இன்ஜினுக்கு ஆறு சக்கரம். கருவேலங்கட்டையில் வில்லையாக அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றையும் எடுப்பார். சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. அதுதான் வண்டியைத் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்துக்கொள்வது. "ஒரு நூல் கம்மியானா கவுந்துடும், ஜாஸ்தியானா வளைவுல சிக்கிக்கும்" என்று வலது கட்டைவிரல் நகத்தால் அந்த விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பட்டறைக்காரர் ஒருநாள், "குடுங்க சார், மெஷின்ல கடைஞ்சு தரேன்" என்று நல்ல மனதோடு கேட்டதற்கு, "மெஷின் சக்கரமா? தூ! அதுக்குக் கடையில பொம்மை வாங்கிக்கினு போவேனே!" என்றார். பாவம், அந்த மனிதர் முகம் சுருங்கிப்போனது.

ஐந்து சக்கரம் முடிந்தது. ஆறாவதை ராவும்போது கையிலிருந்து அரம் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. திட்டுவதற்காக நிமிர்ந்தேன். வாய் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கால் ஓரளவு வந்தது. பேச்சும் இழுத்து இழுத்து வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள். அவர் அரத்தைக் கேட்டார். செத்த கோழிக்குஞ்சு மாதிரி கிடந்த விரல்களை நான் ஒவ்வொன்றாக அரத்தின் மேல் மடக்கி வைப்பேன். விட்டதும் பிரிந்துவிடும். இடது கையால் முயன்றார், சக்கரம் முட்டை மாதிரி வந்தது. "பட்டறையில குடுத்துத் தொலைங்களேன்!" என்று கத்துவேன். "கை வரும்" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவர் இன்ஜினுக்கு ஐந்தே சக்கரம்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றினேன். அண்ணாமலையாரே, பழையபடி வேண்டாம், ஒரே ஒரு சக்கரம் செய்கிற அளவுக்கு அந்தக் கையைக் கொடு என்றுதான் கேட்டேன். பாதி வழியில் அடி அண்ணாமலை வரும்போது கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவேன். அப்போதும் அதையேதான் கேட்டேன்.

இல்லாத சக்கரம் முன்பக்கத்து வெளிச்சக்கரம். வளைவில் வண்டியைப் பிடித்துக்கொள்வது அதுதான். அதனால் முன்னால் தள்ளினால் முதல் வளைவிலேயே இன்ஜின் கீழே இறங்கிவிடும். பின்னால் தள்ளினால் ஓடும். ஒருநாள் அவர் இடது கையால் அப்படித் தள்ளிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். "ஐயையோ, இன்னாக்கா இது, மலையை அப்பிரதட்சணமா சுத்துது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ரிவர்ஸ்ல... போவுது" என்று அவர் கோணல் வாயோடு சிரித்தார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

போன மாதம் டாக்டர் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. வந்த வரைக்கும் லாபம்னு நினைச்சுக்கோங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர் இன்ஜினை எடுத்து என் மடியில் வைத்தார்.

"பட்டறையில... குடுத்துடு."

இத்தனை நாள் நான் கத்திக் கத்திக் கேட்டது அதைத்தானே? ஆனாலும், "இப்போ இன்னா அவசரம்? கை வரும்ங்க" என்றேன். அவர் இடது கையால் வாசலைக் காட்டினார்.

நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மாட்டி, முன்னால் தள்ளினேன். மலையை வலப்பக்கம் வைத்து, எங்கும் சிக்காமல், ஒரு முழுச் சுற்று ஓடியது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சக்கரமா, தூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"நல்லா ஓடுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாத்தையும் எடுத்து மேல வச்சிடு. மேசை வேணும்னு கேட்டுக்கினே இருந்தியே" என்றார். மலையைத் தூக்க முடியாமல் தூக்கிப் பரணில் வைத்தேன்.

இப்போது மேசையில்தான் சாப்பிடுகிறோம். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். நான்தான் ஊட்டிவிடுகிறேன்.