முகப்பில் கிடைக்காத எண்

எங்கள் அலுவலகத்து அக்காவுக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். இணையதளங்களுக்கு முகப்புப் பக்கம் வடிவமைப்பது அவர் வேலை. எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே மயிரிழை கூடினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. செய்து, கெடுத்து, திருத்திக் கற்றுக்கொண்டதுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பக்கம் முடிந்ததும், அதை முன்பு பார்த்திராத ஒருவர் கையில் கைபேசியைக் கொடுத்து ஒரு வேலை சொல்வார். அந்த ஆள் எவ்வளவு திணறினாலும் அக்கா வாயைத் திறக்க மாட்டார்.

அன்று முடிந்து, இணையத்திலும் ஏறியிருந்தது ஒரு பிரசவ மருத்துவமனையின் பக்கம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிறைமாதமாக இருந்த அவர் தங்கையும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"வலி வந்துடுச்சுன்னு நினைச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். நம்பரைக் கண்டுபிடி."

தங்கை தேடினாள். மேலே தலைமை மருத்துவரின் பெரிய படம். அதன் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் குழந்தைப் படங்கள்.

"இவரு முறைக்கிற முறைப்புல வந்த வலியும் ஓடிப்போயிடும்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில், "அக்கா, வலிக்குது" என்றாள்.

"நல்லா நடிக்கிற. தேடு."

"அக்கா..."

"நான் பேச மாட்டேன்."

கைபேசியைப் போட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்தாள் தங்கை. நாற்காலியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"நடிக்கலக்கா! பனிக்குடம் உடைஞ்சுடுச்சு!"

அக்கா முகம் வெளுத்துப்போய்க் கைபேசியை எடுத்தார். 'தொடர்புக்கு' என்ற பொத்தானை அழுத்தப் போனார். அதே நொடியில் மேலே ஒரு படம் வந்து விழ, பக்கம் கீழே தள்ளிப்போனது. விரல் பட்டது வேறிடத்தில்; மருத்துவரின் வாழ்க்கை வரலாறு திறந்தது. திரும்பி வந்து மறுபடி அழுத்தினார். இப்போது 'எங்கள் விருதுகள்'.

"ஒரு இடத்துல நில்லேன், சனியனே!" என்று தான் செய்த பக்கத்தைப் பார்த்தே கத்தினார்.

நான் தெருவுக்கு ஓடி ஒரு டாக்சியை மறித்தேன். யாருக்கும் சொல்லாமலே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சர் வரும்வரை தங்கை வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிரசவ அறையிலிருந்து தலைமை மருத்துவரே வெளியே வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா டாக்சியிலேயே பொறந்திருக்கும். முன்னாடியே ஒரு போன் பண்ணக் கூடாதா?"

அக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லேப்டாப்பை எடுத்துட்டு வா" என்றார் என்னிடம். "நம்பர் முதல்ல மேலே போகணும்."

"இப்பவாக்கா?"

"இப்பவே. இந்நேரம் எவ தேடிக்கிட்டு இருக்காளோ."